நெஞ்சில் ஓர் ஆலயம்

நெஞ்சில் ஓர் ஆலயம் 1962 ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்த் திரைப்படமாகும். சி. வி. ஸ்ரீதர் எழுதி இயக்கிய இத்திரைப்படத்தில் ஆர். முத்துராமன், தேவிகா, கல்யாண்குமார் ஆகியோர் முதன்மைப் பாத்திரங்களில் நடித்துள்ளனர். நாகேஷ், மனோரமா, வி. எஸ். ராகவன், குட்டி பத்மினி ஆகியோரும் இதில் நடித்துள்ளனர். ஸ்ரீதரின் சொந்த நிறுவனமான சித்ராலயா இப்படத்தைத் தயாரித்தது. கண்ணதாசன் இயற்றிய பாடல்களுக்கு விஸ்வநாதன் - ராமமூர்த்தி இணையர் இசையமைத்தனர். ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட்.

புற்றுநோயால் பாதிக்கப்பட்ட ஒருவனுக்கு, அவனுடைய மனைவியை முன்பு காதலித்த மருத்துவனே சிகிச்சை அளிக்க நேர்வது இப்படத்தின் கதைக்கருவாகும். கதையின் பெரும்பகுதி ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்கின்றது. ஒரு மாதத்திற்கும் குறைவான காலத்தில் படப்பிடிப்பு முடிக்கப்பட்ட படம் என்பதனாலும் இது தமிழ்த் திரைப்பட வரலாற்றில் அடிக்கடி குறிப்பிடப்படுகின்றது. பின்னர் இந்தி, தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய மொழிகளில் மீண்டும் எடுக்கப்பட்டது.

வகை

காதல்படம் / நாடகப்படம்

பின்னணி

ஸ்ரீதர் 1950களில் கதை, உரையாடல் எழுத்தாளராகத் திரையுலகில் அறியப்பட்டவர். 1959 ஆம் ஆண்டில் வெளிவந்த கல்யாணப் பரிசு அவர் இயக்கிய முதற்படம். ஒருவனை இரு சகோதரிகள் விரும்புவதும், தமக்கைக்காகத் தங்கை விட்டுக்கொடுப்பதுமான அக்கதை பெரும் வெற்றி பெற்றது. அதன் இந்தி வடிவமான நஸ்ரானாவையும் (1961) ஸ்ரீதரே இயக்கினார். பின்னர் தமது சித்ராலயா நிறுவனத்தின் சார்பில் தேன் நிலவு (1961) படத்தை எடுத்தார். காஷ்மீருக்குச் சென்று படமாக்கப்பட்ட, வெளிப்புறக் காட்சிகள் நிறைந்த படம் அது.

நெஞ்சில் ஓர் ஆலயம் அதற்கு நேர்மாறான முயற்சி எனலாம். இதில் வெளிப்புறக் காட்சிகளுக்கு இடமே குறைவு. எம். ஜி. ஆர்., சிவாஜி கணேசன், ஜெமினி கணேசன் ஆகிய அக்கால முன்னணி நாயகர்கள் எவரும் இதில் இல்லை. மருத்துவமனையாக அமைக்கப்பட்ட அரங்கு ஒன்றையே நம்பி எடுக்கப்பட்ட படமிது. படப்பிடிப்பு விரைந்து முடிந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம். அக்காலத்தில் பெரிய நாயகர்களின் படங்கள் அவர்களுடைய நாட்களுக்காகக் காத்திருந்து மாதக்கணக்கில் எடுக்கப்படுவது வழக்கம். இங்கோ நடிகர்கள் ஒரே இடத்தில் இருந்தனர், அரங்கு கலைக்கப்படவில்லை, காட்சிகளைத் தொடர்ச்சியாகப் படமாக்க முடிந்தது. சிக்கனத்திற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு கதைக்கும் பொருந்தி வந்ததே இப்படத்தின் நற்பேறு. நோயாளியும் அவனைச் சார்ந்தவர்களும் வெளியுலகம் மறந்து சில நாட்கள் ஒரே கட்டடத்திற்குள் அடைபட்டுக் கிடப்பதை அரங்கின் குறுகலே உணர்த்திவிடுகின்றது.

கதை

(கீழே படத்தின் முடிவும் கூறப்பட்டுள்ளது.)

புற்றுநோயால் பாதிக்கப்பட்ட வேலு (முத்துராமன்), தன் மனைவி சீதாவுடன் (தேவிகா) ஒரு மருத்துவமனைக்கு வருகின்றான். அங்கு அவனுக்குச் சிகிச்சை அளிக்கவிருக்கும் மருத்துவன் முரளி (கல்யாண்குமார்). முரளியும் சீதாவும் முன்பு காதலித்தவர்கள்; சூழ்நிலையால் பிரிந்தவர்கள். சீதா வேலுவை மணந்துகொண்டாள். முரளியோ திருமணம் செய்துகொள்ளாமல் மருத்துவப் பணியிலேயே வாழ்ந்து வருகின்றான். நோயாளியின் மனைவியாகச் சீதா எதிரில் வந்து நிற்கும்போதுதான் அவளை அவன் மீண்டும் காண்கின்றான்.

சீதாவின் மனம் இரு வகையில் அலைப்புறுகின்றது. கணவனின் உயிர் முரளியின் கையில் உள்ளது. கைவிடப்பட்ட காதலன் தன் கணவனைக் காப்பாற்ற முழுமனத்துடன் முயல்வானா என்னும் ஐயம் அவளுக்கு எழுகின்றது. அந்த ஐயம் முரளியைக் காயப்படுத்துகின்றது. வேலுவை எப்படியும் பிழைக்கவைக்க வேண்டும் என்று உறுதிபூணும் அவன், ஊணும் உறக்கமும் இன்றி நூல்களிலும் ஆய்விலும் மூழ்குகின்றான்.

இதனிடையே, தன் மனைவிக்கும் மருத்துவருக்கும் இருந்த பழைய உறவை வேலு அறிந்துகொள்கின்றான். அவன் சினங்கொள்ளவில்லை. தான் இறந்துபோனால் சீதா முரளியை மணந்துகொள்ள வேண்டும் என்று அவளிடமே கூறுகின்றான். சீதா அதிர்ந்துபோகின்றாள். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவில், மணநாளன்று இருந்ததுபோல் மணக்கோலத்தில் அவளைக் காணவேண்டும் என்று வேலு விரும்ப, அவளும் அவ்வாறே அணிசெய்துகொண்டு அவன் முன் வருகின்றாள்.

அறுவைச் சிகிச்சை வெற்றி பெறுகின்றது. வேலு பிழைத்துக்கொள்கின்றான். ஆனால் ஓய்வின்றி உழைத்துத் தளர்ந்த முரளியின் உயிர் பிரிகின்றது. முரளியின் நினைவு போற்றப்படுவதுடன் படம் நிறைவடைகின்றது.

கதையமைப்பு

மூவருக்கிடையிலான காதற்கதைகளில் ஒருவர் தீயவராகவோ இடையூறாகவோ இருப்பது திரைப்பட வழக்கம். இப்படத்தில் அத்தகையவர் இல்லை. மூவரும் நல்லவர்கள், மூவரும் மற்ற இருவரின் நலத்தையும் விரும்புகின்றவர்கள். வில்லனின் இடத்தில் நோய் நிற்கின்றது. சண்டையோ சூழ்ச்சியோ ஆள்மாறாட்டமோ இல்லாமல், 'இவன் பிழைப்பானா' என்னும் ஒரே கேள்வியைக் கொண்டு கதை நகர்த்தப்படுகின்றது.

அக்கேள்விக்குள் வேறொரு கேள்வியும் மறைந்துள்ளது. வேலு இறந்துவிட்டால், முரளி முழு நேர்மையுடன் முயன்றிருந்தாலும் எவரும் அதை நம்பப்போவதில்லை. முரளியின் உள்மனமே அதை முழுமையாக நம்பாது. ஆகவே நோயாளியின் சாவு மருத்துவனுக்குத் தோல்வி மட்டுமன்று, பழியும் ஆகும். மறுபுறம், நோயாளி பிழைத்தால் சீதா என்றென்றைக்கும் அவனுக்கு இல்லை என்பது உறுதியாகின்றது. தான் இழந்ததை இழந்ததாகவே உறுதிசெய்துகொள்ளத் தன் உயிரையே செலவிடுகின்றான் என்பதில்தான் முரளி பாத்திரத்தின் ஆழம் உள்ளது. (இன்றைய மருத்துவ நெறிப்படி, நோயாளியுடனோ அவர் குடும்பத்துடனோ நெருங்கிய தொடர்புடைய மருத்துவர் அச்சிகிச்சையை வேறொருவரிடம் ஒப்படைப்பதே முறையாகக் கருதப்படும். அவ்வாறு செய்திருந்தால் படமே இல்லை.)

வேலுவின் வேண்டுகோள் அக்காலப் பார்வையாளர்களை வெகுவாகச் சலனப்படுத்தக்கூடியது. கைம்பெண் மறுமணத்தை 1856 ஆம் ஆண்டிலேயே சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. தமிழ்நாட்டில் சுயமரியாதை இயக்கம் 1920களின் இறுதியிலிருந்து அதனை வெளிப்படையாக ஆதரித்துப் பரப்பியது. ஆயினும் 1960களின் தொடக்கத்தில் ஒரு குடும்பப் படத்தில், கணவனே மனைவியின் மறுமணத்தைப் பற்றி, அதுவும் அவளுடைய முன்னாள் காதலனுடன், பேசுவது துணிவான செயலே. அதனை ஒரு நோயாளியின் வாயில் வைத்ததன் மூலம் ஸ்ரீதர் பார்வையாளரின் எதிர்ப்பைத் தணித்துவிடுகின்றார். சாகப்போகின்றவன் சொல்வதை மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது.

ஆனால் இப்படம் அக்கேள்வியை எழுப்புகின்றதேயன்றி அதற்கு விடை சொல்லவில்லை. மறுமணத்தைச் சீதா மறுக்கின்றாள். அவளுடைய மறுப்பையே படம் உயர்ந்ததாகக் காட்டுகின்றது. பின்னர் கணவன் பிழைப்பதாலும் காதலன் இறப்பதாலும் அவள் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே இல்லாமற் போகின்றது. அவளை முன்னிட்டு இரு ஆண்களும் முடிவுகளை எடுக்கின்றனர். அவளுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்டவர் எவருமில்லை. கணவன் யோசனையைக் கூறியவுடன் அவளிடமிருந்து வெளிப்படும் அதிர்ச்சியில் சினமும் கலந்திருப்பதைக் கவனித்தால், ஸ்ரீதர் இதனை ஓரளவு உணர்ந்தே எழுதியுள்ளார் என்று கருத இடமுண்டு. கல்யாணப் பரிசிலும் இதே நிலைதான். தியாகம் செய்பவரின் பெருமை பேசப்படும். யாருக்காகத் தியாகம் செய்யப்படுகின்றதோ அவருடைய விருப்பம் கேட்கப்படாது.

நோயும் மருத்துவமும்

1960களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் புற்றுநோய் என்பது பெரும்பாலும் உரக்கச் சொல்லப்படாத சொல்லாகவே இருந்தது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 1954 ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பட்டிருந்தது. அறுவையும் கதிர்வீச்சும் அக்கால முதன்மைச் சிகிச்சைகள். பல மருந்துகளை இணைத்துத் தரும் முறை உலகெங்கும் பரவியது அதற்குப் பின்னரே. நோய் முற்றிய பின்னரே பெரும்பாலோர் மருத்துவமனையை நாடியதால், பெயரைக் கேட்டதுமே முடிவு தெரிந்துவிட்டதாக மக்கள் எண்ணினர்.

இவ்வாறு மக்கள் மரணத்தின் மறுபெயராகக் கொண்டிருந்த நோயிலிருந்து ஒருவன் பிழைத்து எழுவதாகக் காட்டியது இப்படத்தின் குறிப்பிடத்தக்க அம்சம். பின்னாளைய தமிழ்ப் படங்களில் புற்றுநோய் வந்த பாத்திரம் இறுதியில் இறப்பது ஏறத்தாழ விதியாகவே ஆகிவிட்டதை நோக்க, இதன் அருமை புலப்படும். அதே வேளையில் மருத்துவ விவரங்களில் படம் அதிக அக்கறை காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு தனி மருத்துவனின் இரவுபகல் படிப்பாலும் ஓர் அறுவையாலும் நோய் முற்றிலும் அகல்வது கதைக்கான வசதியே. பராமரிப்பவர்களின் நிலையைக் காட்டுவதில் படம் நம்பகமாக உள்ளது: அறை வாயிலில் காத்திருத்தல், மருத்துவரின் முகத்தைப் பார்த்துச் செய்தியை ஊகிக்க முயலுதல், நோயாளியின் முன் சிரித்துவிட்டு வெளியே வந்து அழுதல் என்பன போன்ற சிறு செயல்கள் மருத்துவமனையில் இரவு தங்கியவர் எவருக்கும் அந்நியமாகத் தோன்றா.

நடிப்பு

முத்துராமன் நாடகமேடையிலிருந்து வந்தவர்; இதற்கு முன் பெரும்பாலும் துணைப் பாத்திரங்களில் நடித்தவர். இப்படத்தின் வேலு அவருக்குப் பெயர் பெற்றுத் தந்த பாத்திரங்களுள் முதன்மையானது. படத்தின் பெரும்பகுதியில் கட்டிலில் இருந்தவாறே நடிக்கவேண்டிய பாத்திரம் இது. உடலசைவுக்கு வாய்ப்பின்றி முகத்தாலும் குரலாலும் மட்டுமே நடித்துள்ளார். தன் வேண்டுகோளை அவர் கூறும் காட்சியில் தியாகியின் பெருமிதம் தலைகாட்டாமல் இருப்பது பாராட்டத்தக்கது.

தேவிகாவின் இயற்பெயர் பிரமீளா. இவர் நடித்த பாத்திரங்களுள் பலராலும் முதலில் நினைவுகூரப்படுவது சீதா. கணவன், மருத்துவன், தன் மனம் ஆகிய மூன்றின் முன்னும் வெவ்வேறு முகங்களைக் காட்டவேண்டிய பாத்திரத்தை மிகை இல்லாமல் செய்துள்ளார்.

கல்யாண்குமார் கன்னடத் திரையுலகில் ராஜ்குமார், உதயகுமார் ஆகியோருடன் சேர்த்து 'குமாரர் மூவர்' எனப் போற்றப்பட்டவர். ஸ்ரீதர் தாம் பின்னர் இயக்கிய நெஞ்சம் மறப்பதில்லையிலும் (1963) இவரை நாயகனாக்கினார். தமிழில் இவர் நடித்த படங்கள் மிகுதியல்ல என்றாலும் இவ்விரண்டினாலும் நினைக்கப்படுகின்றார்.

நாகேஷ் மருத்துவமனையின் வார்டு பாயாக வருகின்றார். கனமான கதைக்கு இடையே அவருடைய காட்சிகள் ஆறுதலாக அமைகின்றன. இரு ஆண்டுகள் கழித்து வந்த காதலிக்க நேரமில்லையில் (1964) நாகேஷின் நகைச்சுவையை ஸ்ரீதர் முழு அளவில் பயன்படுத்தினார். நோயாளிச் சிறுமியாகக் குட்டி பத்மினி நடித்துள்ளார்.

ஒளிப்பதிவு

கறுப்பு வெள்ளைப் படமான இதில் ஏ. வின்சென்டின் பணி தனித்துக் குறிப்பிடத்தக்கது. ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு நடைவழி ஆகிய சிறு இடங்களையே மீண்டும் மீண்டும் காட்டவேண்டிய நிலையில், ஒளியையும் கோணத்தையும் மாற்றி மாற்றிச் சலிப்பு நேராமல் பார்த்துக்கொண்டார். ஒளிப்பதிவு பயில்வோர் இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறுவது சீதா கணவன் முன் பாடும் பாடற்காட்சியை. அறையை விட்டு வெளியேறாமலேயே அக்காட்சி எடுக்கப்பட்டது. பாட்டு என்றாலே பூங்காவுக்கோ மலைக்கோ சென்றுவிடும் வழக்கத்துக்கு இது விலக்கு. வின்சென்ட் பின்னர் பார்கவி நிலையம் (1964) என்னும் மலையாளப் படத்தின் வாயிலாக இயக்குநரானார்.

பாடல்கள்

பாடல்கள் அனைத்தையும் கண்ணதாசன் இயற்றினார். விஸ்வநாதன் - ராமமூர்த்தி இணையர் 1965 இல் பிரியும்வரை ஸ்ரீதருக்கு அளித்த இசையில் இப்படப் பாடல்களுக்குத் தனியிடம் உண்டு.

'சொன்னது நீதானா' என்னும் பாடலை பி. சுசீலா பாடினார். மறுமணம் செய்துகொள்ளுமாறு கணவன் கூறியதற்கு மனைவி தரும் மறுமொழியே இப்பாடல். ஆகவே இதனை நீக்கினால் கதையில் இடைவெளி விழும். படத்தில் உரையாடலாக வந்திருந்தால் சில வரிகளில் முடிந்திருக்கக்கூடிய மறுப்பு, இங்குச் சித்தாரின் ஒலியுடன் சேர்ந்து கேள்வியாகவும் குற்றச்சாட்டாகவும் கெஞ்சலாகவும் விரிகின்றது. சுசீலாவின் குரலில் அழுகை எங்கும் வெளிப்படையாக இல்லை.

'எங்கிருந்தாலும் வாழ்க' என்னும் பாடலை ஏ. எல். ராகவன் பாடினார். முன்னாள் காதலியை மருத்துவன் வாழ்த்துவதாக அமைந்தது இது. வேகமான, கலகலப்பான பாடல்களுக்கே பெரிதும் அழைக்கப்பட்டு வந்த ராகவனுக்குச் சோகப்பாடல் ஒன்று கிடைத்ததும், அதுவே அவருடைய பெயருடன் நிலையாக ஒட்டிக்கொண்டதும் விந்தையே. காதலில் தோற்றவர் சாபமிடாமல் வாழ்த்துவது என்னும் கருத்து இப்பாடலுக்குப் பின் தமிழ்த் திரையில் பலமுறை கையாளப்பட்டது. 2020 இல் ராகவன் மறைந்தபோது வெளிவந்த அஞ்சலிக் குறிப்புகளிலும் இப்பாடல் நினைவுகூரப்பட்டது.

'நினைப்பதெல்லாம்' எனத் தொடங்கும் பாடலை பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடினார். 'ஒருவர் வாழும் ஆலயம்' டி. எம். சௌந்தரராஜன் பாடியது. சிறுமியை நோக்கிப் பாடப்படும் 'முத்தான முத்தல்லவோ', மற்றும் 'என்ன நினைத்து' ஆகியவையும் சுசீலாவின் குரலில் அமைந்தன. ஒரே படத்தில் இத்தனை பாடல்களும் நிலைத்து நிற்பது அரிது.

விருது

10 ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் தமிழ்மொழிப் படங்களுக்கான பிரிவில் இப்படம் விருது பெற்றது.

பிற மொழிகளில்

இந்தியில் தில் ஏக் மந்திர் (1963) என்னும் பெயரில் ஸ்ரீதரே இயக்கினார். சித்ராலயா தயாரித்த அப்படத்தில் ராஜேந்திர குமார் மருத்துவராகவும், ராஜ் குமார் நோயாளியாகவும், மீனா குமாரி சீதாவாகவும் நடித்தனர். நாகேஷ் ஏற்ற பாத்திரத்தை மெஹமூத் ஏற்றார். சங்கர் - ஜெய்கிஷன் இசையமைத்தனர். தமிழில் பெரிய நாயகர்கள் இன்றி எடுக்கப்பட்ட கதை, இந்தியில் புகழ்பெற்ற நடிகர்களுடன் எடுக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. நோயாளியாக நடித்த ராஜ் குமாருக்குச் சிறந்த துணை நடிகருக்கான பிலிம்பேர் விருது கிடைத்தது. கதையின் மூவரில் யார் நாயகன், யார் துணை என்பதைத் தீர்மானிப்பது எளிதன்று என்பதற்கு இது சான்றாகும்.

தெலுங்கில் மனசே மந்திரம் (1966) என்னும் பெயரில் அக்கினேனி நாகேஸ்வர ராவ், சாவித்திரி, ஜக்கையா ஆகியோர் நடிக்க ஸ்ரீதரே இயக்கினார். மலையாளத்தில் ஹிருதயம் ஒரு க்ஷேத்திரம் (1976), கன்னடத்தில் குங்கும ரக்ஷே (1977) ஆகிய படங்களும் இக்கதையைத் தழுவியவை. கன்னடப் படத்தில் ரஜினிகாந்த் நடித்துள்ளார்.

ஒத்த கருவுடைய தமிழ்ப் படங்கள்

இதற்கு ஓர் ஆண்டு முன்னர் ஏ. பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த பாலும் பழமும் (1961) படத்திலும் நாயகன் மருத்துவனே. புற்றுநோய்க்கு மருந்து காண முயலும் அவனுடைய மனைவியைக் காசநோய் பற்றிக்கொள்கின்றது. கே. பாலச்சந்தர் இயக்கிய முதற்படமான நீர்க்குமிழி (1965) மருத்துவமனையையே களமாகக் கொண்டது. அங்கு நாகேஷ் முதன்மைப் பாத்திரத்தை ஏற்றார். மருத்துவமனை ஒன்றிலேயே முழுப்படத்தையும் நடத்திவிட முடியும் என்பதை நெஞ்சில் ஓர் ஆலயம் ஏற்கனவே காட்டியிருந்தது. 1982 இல் வெளிவந்த வாழ்வே மாயம், பயணங்கள் முடிவதில்லை ஆகிய இரு படங்களிலும் நாயகன் புற்றுநோய்க்கு ஆளாகின்றான். அவ்விரண்டிலும் நோயுற்ற காதலன் காதலியிடமிருந்து விலகிப்போக முயல்வதே கதை. நெஞ்சில் ஓர் ஆலயத்தில் வேலு தன் நோயை மறைத்து விலகிச் செல்வதில்லை. மனைவியை அருகில் வைத்துக்கொண்டே தன் சாவைப் பற்றி அவளிடம் பேசுகின்றான்.

துணுக்குகள்

படத்தின் இரு ஆண் பாத்திரங்களில் பெரும்பாலானோர் நினைவில் நிற்பவன் இறந்துபோகும் முரளியே. ஆயினும் படத்திற்குப் பின் தமிழில் நீண்ட காலம் முன்னணியில் நீடித்தவர் முத்துராமன்தான். அவர் 1981 இல் மறைந்தார். கல்யாண்குமார் 1999 இலும், தேவிகா 2002 இலும், ஸ்ரீதர் 2008 இலும் மறைந்தனர். தேவிகாவின் மகள் கனகாவும் பின்னாளில் திரைப்பட நடிகையானார்.